கிரெஸ்டட் கெக்கோ வளக்குறது எப்படி? நம்ம ராம்நாடு கடலோரத்து ஆளுங்க அடிக்கடி கேக்குற கேள்விங்க

உச்சிப்புளியில எனக்கு செல் கடை. போன் ஸ்கிரீன்ல என் கிரெஸ்டட் கெக்கோ பல்லி போட்டோவ வச்சிருக்கேன், அதப் பாத்துட்டு ரீசார்ஜ் பண்ண வர்றவங்கள்ல பாதிப்பேரு "என்னண்ணே இது, கண்ணுக்கு மேல முள்ளு முள்ளா இருக்கு"ன்னு ஆரம்பிப்பாங்க, மீதிப்பேரு மூஞ்சியச் சுளிப்பாங்க. வாங்கணும்னு ஆசப்பட்டு கேக்குறவங்களுக்கு ஒரே பதில திரும்பத் திரும்ப சொல்லி வாய் வலிச்சதால மொத்தமா எழுதிட்டேன். நான் டாக்டர் கிடையாது, ஆறு வருஷமா ரெண்டு வளக்குறேன், ஒண்ணு மணி, இன்னொண்ணு பணியாரம். தப்பும் பண்ணியிருக்கேன், அதயும் கீழ சொல்லியிருக்கேன்.

இது எந்த ஊரு பல்லி? நம்ம வீட்டுச் செவத்துல இருக்குறதுக்கு சொந்தமா?

தூரத்து சொந்தம்னு வச்சுக்கங்க. இதோட ஊரு நியூ கலிடோனியா, ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்க பசிபிக்ல இருக்குற பிரெஞ்சுக்காரங்க கைல இருக்குற தீவுக்கூட்டம். 1866-லயே இதப் பத்தி எழுதி பேரு வச்சுட்டாங்க, அப்புறம் ரொம்ப காலம் யாரு கண்ணுலயும் சிக்கல, அழிஞ்சே போச்சுன்னு முடிவு கட்டிட்டாங்க. 1994-ல அங்க ஒரு புயல் அடிச்சு ஓஞ்சதுக்கு அப்புறம் திரும்ப ஆளுங்க கண்ணுல பட்டுச்சு. நமக்கெல்லாம் புயல்னா 1964-ல தனுஷ்கோடிய அள்ளிட்டுப் போனதுதான் ஞாபகம் வரும், ஒரு புயல் கொண்டு வந்து குடுத்த கதையும் இருக்குன்னு இதுல இருந்துதான் எனக்குத் தெரிஞ்சுது. இப்ப அந்த ஊருல இருந்து காட்டுப் பல்லியப் பிடிச்சு வெளிய அனுப்ப முடியாது, உலகம் பூரா வீட்டுல வளக்குறது எல்லாம் வளப்புல பொரிச்ச குஞ்சுகளோட வாரிசுதான்.

முழு வளத்தியில மூக்குல இருந்து வால் நுனி வரைக்கும் ஒரு 20 சென்டிமீட்டர், எடை 35-ல இருந்து 55 கிராம். நல்லா பாத்துக்கிட்டா 15, 20 வருஷம் இருக்கும். இதத்தான் மொத யோசிக்கணும், ஆட்டுக்குட்டி மாதிரி ரெண்டு வருஷத்துல முடியுற கணக்கு இல்ல.

அதுவும் தீவுதானே, ராமேஸ்வரமும் தீவுதானே, அப்ப நம்ம ஊரு அதுக்கு ஒத்துக்கும்ல?

இந்தக் கேள்விக்காகத்தான் இம்புட்டும் எழுதுறேன்னு கூட சொல்லலாம். ஒத்துக்காது. அது இருக்குறது மழைக்காட்டு நெழலுல, பகல் பூரா எலைக்குள்ள ஒளிஞ்சு தூங்கிட்டு ராத்திரி வெளிய வர்ற ஜீவன். அதுக்கு 22-ல இருந்து 26 டிகிரி வரைக்கும் சொகம். 28-ஐத் தாண்டிச்சுன்னா திணற ஆரம்பிக்கும், 30-க்கு மேல பல மணி நேரம் இருந்தா செத்தே போகலாம். நம்ம பக்கம் கத்திரி வெயில்ல பகல் 35-க்கு மேல போறது ஒரு பக்கம் இருக்கட்டும், ராத்திரி படுக்கும்போதே 27, 28 இருக்கு, ஃபேனுக்கு அடியில நமக்கே தூக்கம் வர்றதில்ல. பகல்ல வெந்துட்டு ராத்திரி ஆறுறதுக்குக் கூட வழி இல்லைங்குறதுதான் நம்ம கடலோரத்துப் பிரச்சன.

அதனால நேரா சொல்லிடுறேன், ஏசி இல்லாத வீடுன்னா இந்தப் பல்லி வேணாம். கோவிச்சுக்காதீங்க. வெளிநாட்டு வீடியோவுல எல்லாம் சாப்பாட்டப் பத்தி ஒரு மணி நேரம் பேசிட்டு சூட்டப் பத்தி ரெண்டு நிமிசம் பேசுவாங்க, ஏன்னா அவங்க வீடே 22 டிகிரியில இருக்கு. நமக்கு அது தலைகீழ், சாப்பாடு போடுறது சுலபம், சூட்டக் கொறைக்கிறதுதான் வேல. என் வீட்டுல மார்ச் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் ஒரு சின்ன ரூம் ஏசி 25-ல பகல்லயும் ஓடும், ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா வர்ற கரண்டு பில்லப் பாத்து எங்கம்மா "இந்தப் பல்லிக்கு ஒரு மருமகளையே கட்டி வச்சிருக்கலாம்"னு சொல்லும்.

ஏர் கூலர் போதாதா?

போதாது. கூலர் குளுந்து போறது தண்ணி ஆவியாகுறதால, நம்ம காத்துல ஏற்கனவே ஈரம் ரொம்பி நிக்குது, அதுல எங்க ஆவியாகும். மதுரைக்கு அங்கிட்டு வேணா கொஞ்சம் வேல செய்யும். இங்க ரூமப் புழுங்கத்தான் வைக்கும், சூடு கொறையாது.

கரண்டு போனா என்ன பண்றது?

வீட்டு சாதா இன்வெர்ட்டர்ல ஏசி ஓடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். ரெண்டு வருஷத்துக்கு முன்ன மே மாசம், மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தா கரண்டு போயி மூணு மணி நேரம் ஆச்சுங்குறாங்க, ரூமுக்குள்ள போயிப் பாத்தா சூடு பாக்குற மீட்டர் 33 காட்டுது, பணியாரம் எப்பவும் மேல கொப்புல ஒட்டிக் கெடக்குறவன் அவன வச்சிருக்குற கண்ணாடி டேங்க் தரையில வாயத் தொறந்துட்டுக் கெடக்கான், தொட்டா நகரவே இல்ல. என்ன செய்றதுன்னு புரியல. எங்க சித்தப்பா பாம்பன்ல மீன் யாவாரம், அவர் வீட்டுக்குன்னு எடுத்து வச்சிருந்த புது தெர்மாகோல் மீன் பெட்டி ஒண்ணு பரண்ல இருந்துச்சு, அத எறக்கி, ஃப்ரிட்ஜுல ஐசா இருந்த தண்ணி பாட்டில ரெண்டு சுத்து துண்டால சுத்தி ஒரு ஓரத்துல வச்சு, பல்லிய ஓட்ட போட்ட டப்பாவுல ஈரத் துணியோட போட்டு அடுத்த ஓரத்துல வச்சேன். மூடிய ரெண்டு விரல் அளவுக்குத் தொறந்தே வச்சேன். பெட்டிக்குள்ள 25 வர்ற வரைக்கும் மீட்டரையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். அர மணி நேரம் கழிச்சு நாக்க நீட்டி தன் கண்ண ஒரு நக்கு நக்குனான் பாருங்க, அப்பத்தான் எனக்கு சோறு எறங்குச்சு.

அன்னைலருந்து அந்தப் பெட்டி டேங்குக்கு பக்கத்துலயே இருக்கு, ஃப்ரீசர்ல ரெண்டு பாட்டில் எப்பவும் ஐசா இருக்கும். நீங்களும் வாங்குற அன்னைக்கே இத தயார் பண்ணிருங்க. கவனிக்க வேண்டியது: பழைய மீன் பெட்டி வேணாம், கவுச்சியும் உப்பும் போகாது. பாட்டில் நேரா பல்லி மேல படக்கூடாது. 20-க்குக் கீழ எறங்க விடக்கூடாது, சூட்டுல இருந்து ஒரேடியா குளிருல போட்டாலும் அதுக்கு அதிர்ச்சிதான்.

குளிர் காலத்துல ஹீட்டர் பல்பு போடணுமா?

நமக்கா? மார்கழி தையில வாடக்காத்து அடிக்கும்போது கூட ராத்திரி 22, 23 தான், அது பல்லிக்கு பொறந்த வீட்டு சொகம். பல்பு விக்கிறவங்க குடுத்தா வாங்காதீங்க. வருஷத்துல ஏசி இல்லாம ஓடுற ரெண்டு மூணு மாசம் அதுதான். புதுசா வாங்குறதுன்னாலும் அந்த மாசத்துலயே போயி கையோட கொண்டு வாங்க, சித்திர வைகாசியில பயணம் வேணாம்.

சரி, சாப்பாட்டுக்கு வருவோம். என்ன போடணும்?

இதுக்குன்னே பவுடர் விக்குது. ரெபாஷி, பாங்கியாங்குற ரெண்டு கம்பெனியும் பேர் போனது. பழம், புரதம், கால்சியம், வைட்டமின் எல்லாம் கலந்து வரும், ஒரு பங்கு பவுடருக்கு ரெண்டு பங்கு தண்ணி ஊத்திக் கலக்கி அஞ்சு நிமிசம் விட்டா கெட்டியாகும். ஆப்ப மாவு பதம்னு வச்சுக்கங்க, கரண்டியில இருந்து மெதுவா விழணும். ஒரு பெரிய பல்லிக்கு ஒரு டீஸ்பூன் கலவ போதும், அதுலயே பாதி மிஞ்சும்.

முழு வளத்தி வந்ததுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். குஞ்சுக்கு தெனமும். சாயங்காலம் வெளக்கு வைக்கிற நேரத்துல வச்சுட்டு காலையில எடுத்துரணும். குளிரான ஊருல ஒரு நாள் ஒன்ற நாள் விட்டு வைப்பாங்க, நம்ம பக்கம் அப்படி விட்டா காலையிலேயே புளிச்ச வாட அடிக்கும், அடுத்த நாள் பூஞ்ச பிடிக்கும். பவுடர் பாக்கெட்டயும் வெளிய வைக்காதீங்க, நம்ம ஈரக்காத்துக்கு கட்டி தட்டிப் போகும், காத்துப் புகாத டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜுல வைங்க, ஒடச்ச பாக்கெட்ட ஆறு மாசத்துக்குள்ள முடிச்சுருங்க.

கிண்ணத்த தரையில வைக்காம மேல கொப்பு ஒசரத்துல வைக்கணும், அது கீழ எறங்கி சாப்பிடுற சாதி இல்ல. நான் செரட்டைய நல்லா சொரண்டி வழவழப்பாக்கி கண்ணாடியில ஒட்டுற கொக்கியில மாட்டியிருக்கேன், காசு கொடுத்து வாங்குன பிளாஸ்டிக் தட்ட விட அதுல தான் நல்லா நக்குறாங்க.

கலவைக்கு போர் தண்ணி ஊத்தலாமா?

வேணாம், நம்ம போர் தண்ணி பாதி எடத்துல கடல்தான். குடிக்கிற காவிரித் தண்ணியோ கேன் தண்ணியோ எடுங்க. டேங்குக்குள்ள ஸ்ப்ரே பண்றதுக்கும் அதேதான், ஏன்னா இது கிண்ணத்துத் தண்ணிய விட எலையிலயும் கண்ணாடியிலயும் நிக்கிற சொட்டத்தான் விரும்பி நக்கும். உப்புத் தண்ணி அடிச்சா ஒரே வாரத்துல கண்ணாடி வெள்ளையா பூத்துப் போகும், அதயே நக்கிட்டும் இருக்கும்.

வாழப்பழம் மாம்பழம் போதும்னு கடையில சொன்னாங்களே?

எனக்கும் சொன்னாங்க. அதக் கேட்டுத்தான் மணிக்கு நாலு மாசம் வாழப்பழமும் மாம்பழக் கூழுமா போட்டேன். நல்லா நக்கி நக்கி சாப்பிட்டான், நானும் சந்தோசமா வீடியோ எடுத்தேன். அப்புறம் ஒரு நாள் பாத்தா வால் நேரா இல்ல, கடல் அல மாதிரி மேலயும் கீழயுமா போகுது, செவத்துல தாவுனா கால் வழுக்குது. மதுரைக்குத் தூக்கிட்டு ஓடுனேன், டாக்டர் தாடைய லேசா அழுத்திப் பாத்துட்டு "எலும்பு ரப்பரா இருக்கு தம்பி"ன்னார். கால்சியம் இல்லாம எலும்பு கரையிற நோய். மருந்து குடுத்து எலும்பு கெட்டியாச்சு, கோணுனது கோணுனதுதான், இன்னைக்கும் மணியோட முதுகுல கை வச்சா ஒரு மேடு தட்டும். அவனுக்கு என்ன தெரியும், பாவம்.

காரணம் இதான்: பல்லி ஒடம்புக்கு கால்சியம் ரெண்டு பங்குன்னா பாஸ்பரஸ் ஒரு பங்குதான் வரணும். வாழப்பழத்துல 100 கிராமுக்கு கால்சியம் 5 மில்லிகிராம், பாஸ்பரஸ் 22. தலைகீழ். பாஸ்பரஸ் கூடிப் போச்சுன்னா ஒடம்பு எலும்புல இருந்து கால்சியத்த உருவி எடுக்கும். பப்பாளியில கால்சியம் 20, பாஸ்பரஸ் 10, அது பரவால்ல, அத்திப்பழம் அதவிட நல்லது. ஆனா எந்தப் பழமும் சாப்பாடு கெடையாது, பத்து நாளைக்கு ஒருக்கா விரல் நுனி அளவு ஆசைக்கு. தித்திப்புக்கு பழகிட்டா அப்புறம் பவுடரத் திரும்பிப் பாக்காது, நம்ம வீட்டுப் புள்ளைங்க மாதிரிதான்.

எலுமிச்ச, ஆரஞ்சு, நாரத்த எதுவும் வேணாம். நுங்கு தரலாமான்னு தங்கச்சிமடத்துல இருந்து ஒரு தம்பி கேட்டாப்ல. நுங்குல தண்ணிய விட்டா வேற என்ன இருக்கு, நீங்களே சாப்பிடுங்க. செரலாக்கும் வேணாம், அதுல பால் இருக்கு, பல்லிக்கு பால் செரிக்காது.

பூச்சி போட்டே ஆகணுமா? கேட்டாலே ஒமட்டுதே.

நல்ல பவுடர் போட்டா பூச்சி இல்லாமலும் வளரும். ஆனா வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ உயிர் பூச்சி குடுத்தா சதை நல்லா போடும், வேட்டையாடுற சுறுசுறுப்பும் வரும். வால லேசா ஆட்டிக்கிட்டே பூச்சியவே மொறச்சுப் பாத்துட்டு ஒரே பாய்ச்சல், ராத்திரி பத்து மணிக்கு இதப் பாக்குறதுக்குன்னே எங்க பக்கத்து வீட்டுப் பயலுக வருவானுக.

கிரிக்கெட் பூச்சி, அதாவது நம்ம சுவர்க்கோழி வகையறா, இல்லாட்டி டூபியாங்குற வளப்புக் கரப்பான், ரெண்டுல ஒண்ணு. அளவு, பல்லியோட ரெண்டு கண்ணுக்கு நடுவுல எம்புட்டு எடம் இருக்கோ அதவிட பெருசா இருக்கக் கூடாது. போடுறதுக்கு முந்தின நாளே பூச்சிக்கு கேரட், பூசணி, முருங்கக்கீரன்னு நல்லா தீனி போடணும், பூச்சி வயித்துல இருக்குறதுதான் பல்லி வயித்துக்குப் போகும். அப்புறம் ஒரு டப்பாவுல கால்சியம் பவுடரோட பூச்சியப் போட்டு குலுக்குனா மாவு தடவுன பலகாரம் மாதிரி வெள்ளையா வரும், அப்படியே விடுங்க. யூவி-பிங்குறது வெயில்ல இருக்குற ஒரு கதிர், அந்த லைட்டு டேங்குக்கு இல்லைன்னா வைட்டமின் டி3 கலந்த கால்சியமா வாங்குங்க. ஜன்னல் கண்ணாடி வழியா வர்ற வெயில்ல யூவி-பி வராது, அதனால ஜன்னலோரம் வச்சா போதும்னு நெனைக்காதீங்க, வேகுறதுதான் மிச்சம்.

வீட்டுக் கரப்பான் கூடவே கூடாது, எந்த வீட்டு ஸ்ப்ரேயில உருண்டுட்டு வந்துச்சோ. மழை பெஞ்ச மறுநாள் தெரு லைட்டுல மொய்க்கிற ஈசலும் வேணாம், மருந்தோ புழுவோ எது ஒட்டியிருக்குன்னு நமக்குத் தெரியாது. மின்மினிப்பூச்சி நேரடி விஷம், ஒண்ணு தின்னாலே போயிரும்.

கணவாய் ஓடு கரையில சும்மா கெடக்கே, அதுல கால்சியம் இருக்குல்ல? கருவாட்டுத் தூள்?

பெரியபட்டினத்துல இருந்து ஒரு அக்கா கேட்டது, நல்ல கேள்வி. கணவாய் ஓடு சுத்த சுண்ணாம்புச் சத்துதான், கிளி, லவ் பேர்ட்ஸ் கூண்டுல மாட்டுவாங்கல்ல. ஆனா பல்லி அதக் கொத்தாது, நீங்க அரைச்சு சலிச்சாலும் பூச்சி மேல ஒட்டுற அளவுக்கு நைசா வராது, கடல் உப்பு வேற, டி3-யும் கெடையாது. ஒரு டப்பா பவுடர் ஒரு வருஷம் வரும், அத வாங்கிருங்க. கருவாடு வேண்டவே வேண்டாம், அம்புட்டும் உப்பு.

வச்சது வச்சபடியே இருக்கு, சாப்பிடவே மாட்டேங்குது. என்ன பண்ண?

மொத, புதுசா வந்ததா? அப்ப ஒரு வாரம் பத்து நாள் சாப்பிடாம இருக்குறது சகஜம். ரெண்டு வாரத்துக்கு கையிலயே எடுக்காதீங்க, சொந்தக்காரங்களக் கூட்டிட்டு வந்து காட்டாதீங்க, தண்ணி அடிச்சு, சாப்பாடு மாத்தி விட்டுருங்க.

ரெண்டாவது, நெசமாவே சாப்பிடலையா? கிண்ணத்த வெளிச்சத்துல சாச்சுப் பாத்தா நக்குன தடம் கோடு கோடா தெரியும். கழிவு விழுதான்னு பாருங்க. இதெல்லாத்தையும் விட தராசு உண்மைய சொல்லும், நகக்கட தராசு மாதிரி சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கி வாரத்துக்கு ஒருக்கா ஒரே நாள்ல எட போட்டு எழுதி வைங்க. எட நிக்குதுன்னா, இல்ல ஏறுதுன்னா, நீங்க தூங்குன நேரத்துல அது சாப்பிட்டிருக்கு.

மூணாவது, மீட்டரப் பாருங்க. நம்ம ஊருல சாப்பிடாத பல்லிக்கு பத்துல எட்டு தடவ காரணம் சூடுதான், இது நான் பாத்த வரைக்கும் சொல்றேன். 29 டிகிரியில நமக்கே பிரியாணி எறங்காது.

எட வாரா வாரம் எறங்குது, வாய் ஓரம் வீங்கியிருக்கு, வால் கோணுது, கழிவு தண்ணியா போகுதுன்னா வீட்டு வைத்தியம் பாக்காம டாக்டர்ட்ட போங்க. நம்ம பக்கத்துல ஆடு மாடு பாக்குற டாக்டருங்கதான், அவங்களக் கொற சொல்ல முடியாது, அதனால மதுரையிலயோ சென்னையிலயோ ஊர்வன பாக்குற டாக்டர் யாருன்னு வாங்குறதுக்கு முன்னாடியே விசாரிச்சு நம்பர் வாங்கி வச்சுக்கங்க. டாக்டர் வாயத் தொறந்து மேல் அண்ணத்துல பாப்பாரு, அங்க ரெண்டு வெள்ளப் பை இருக்கும், கால்சியத்த சேத்து வைக்கிற எடம் அதுதான்.

எறும்பு வந்துருச்சு!

வரும். தித்திப்புக் கலவைய நம்ம ஊருல வச்சா எறும்புக்கு சொல்லியா அனுப்பணும். இத லேசா விடாதீங்க, தூங்குற பல்லிக்கு கண்ண மூட எமையே கெடையாது, எறும்பு கண்ணுலயும் விரல் இடுக்குலயும் கடிச்சே குத்துயிரா ஆக்கிரும். இதோட சொந்த ஊருலயே வெளிய இருந்து வந்த ஒரு நெருப்பெறும்புதான் காட்டுல இதுக்கு பெரிய எமன், எலியும் பூனையும் கூட சேந்துக்கிச்சு.

எறும்பு சாக்பீஸ், பவுடர், ஸ்ப்ரே எதையும் அந்த ரூமுக்குள்ள கொண்டு வராதீங்க. எங்க அப்பத்தா பலகாரத் தூக்கு வைக்கிற பலகைக்கு செஞ்ச வேலதான்: ஸ்டாண்டோட நாலு காலையும் நாலு தண்ணிக் கிண்ணத்துல எறக்கி வைங்க, ஸ்டாண்டு செவத்த ஒட்டாம நாலு விரல் தள்ளி நிக்கட்டும். மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணி மாத்துங்க, இல்லாட்டி கொசு முட்ட விட்டுரும். கொசுவத்தி, லிக்விட், வெள்ளிக்கெழம சாம்பிராணி எல்லாம் அடுத்த ரூமோட நிக்கட்டும்.

டேங்க் எப்படி இருக்கணும்?

நெட்டமா. 45-க்கு 45 அகலம், 60 சென்டிமீட்டர் ஒசரம், ஒண்ணுக்கு அது போதும். குஞ்ச இதவிட சின்னதுல வைங்க, பெருசுல விட்டா சாப்பாட்டத் தேடிக் கண்டுபிடிக்காது. உள்ள குறுக்கும் நெடுக்குமா கொப்பு, மூங்கில், மணி பிளான்ட் கொடி, ஒளியுறதுக்கு எல. கரையில ஒதுங்குன கட்ட அழகா இருக்கும், ஆனா வாரக்கணக்குல நல்ல தண்ணியில ஊறப் போட்டு உப்ப எறக்கணும். தரையில மணல் போடாதீங்க, நாக்குல ஒட்டி வயித்துக்குள்ள போயி அடைச்சுக்கும். பேப்பர் டவல் போதும், அசிங்கமா இருந்தாலும் கழிவு கண்ணுக்குத் தெரியும். தேங்கா நார்த் தூள் போடுறவங்க நாலஞ்சு தண்ணியில அலசிப் போடுங்க, அதுலயும் உப்பு இருக்கும். மேல வல இரும்புல வேணாம், நம்ம காத்துக்கு ஆறு மாசம் தாங்காது.

ஈரப்பதம் 60-ல இருந்து 80 சதவீதம். வெளிய காத்துல அதுக்குப் பஞ்சமே இல்ல, ஆனா ஏசி போட்டா காத்து காஞ்சிரும், அதனால ராத்திரி ஒரு தடவ நல்லா ஸ்ப்ரே, காலையில லேசா. நடுவுல கொஞ்சம் காயவும் விடணும், எந்நேரமும் சொதசொதன்னு இருந்தா பூஞ்சையும் தோல் புண்ணும் வரும். ரொம்பக் காஞ்சா தோல் உரிக்கிறது பாதியில நின்னு விரல் நுனியில வளையம் மாதிரி இறுக்கிக்கும், அப்படி இருந்தா வெதுவெதுப்பான ஈரத் துணியோட ஒரு டப்பாவுல இருவது நிமிசம் விட்டுட்டு பஞ்சுக் குச்சியால மெதுவா தள்ளி விடுங்க, பிச்சு இழுக்காதீங்க. உரிச்ச தோல அதுவே தின்னுரும், பயப்படாதீங்க.

வால் விழுந்துருச்சு, திரும்ப மொளைக்குமா?

மொளைக்காது. வீட்டுப் பல்லிக்கு மொளைக்கும், இதுக்கு மொளைக்கவே மொளைக்காது. காட்டுல பெருசானதுல முக்காவாசி வால் இல்லாமத்தான் திரியும், வால் இல்லாம நல்லாவே வாழும், பின்பக்கம் தவள மாதிரி ஆயிரும், அவ்வளவுதான். பணியாரத்துக்கு தீபாவளி அன்னைக்கு போச்சு, தெருவுல எவனோ அணுகுண்டு வெடி வச்சான், நான் ஓடிப் போயி பாக்குறதுக்குள்ள வால் தனியா துள்ளிட்டுக் கெடக்கு, இவன் ஒண்ணுமே நடக்காத மாதிரி மேல ஒட்டிட்டு இருக்கான். வெடி நாள்ல டேங்க துணி போட்டு மூடி உள் ரூமுல வைங்க. பேப்பர் டவல் மட்டும் போட்டு சுத்தமா வச்சா ரெண்டு வாரத்துல ஆறிரும்.

கையில எடுக்கும்போதும் மேல இருந்து கொத்தாப் பிடிக்காதீங்க, அதுக்கு நாம பருந்து மாதிரி தெரிவோம். கையக் கீழ நீட்டி அதுவா ஏற விடுங்க, தரையில உக்காந்து பத்து நிமிசம் போதும், சொல்லாமக் கொள்ளாம தாவும். கை கழுவுறத மறக்காதீங்க, பல்லி, ஆமை எல்லாத்துக்கிட்டயும் சால்மோனெல்லாங்குற கிருமி இருக்கும். அஞ்சு வயசுக்குள்ள இருக்குற புள்ளைங்க கையில குடுக்காதீங்க, அடுப்படிப் பக்கம் கொண்டு போகாதீங்க.

ரெண்டு சேத்து விடலாமா, தனியா இருந்தா ஏங்காதா?

ஏங்காது. ரெண்டு ஆணு சேந்தா கடிச்சுக் கொதறிக்கும். ஆணும் பொண்ணும் சேந்தா மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு ரெண்டு முட்டையா விட்டு பொண்ணு ஒடம்பு கரைஞ்சு போயிரும். தனித்தனியா வைங்க.

இத வளத்தா கேஸ் ஆகுமா?

நம்ம ஆளுங்களுக்கு கடல் அட்டைய வச்சு இந்த பயம் வந்துருச்சு, 2001-ல அட்டைய தட பண்ணதுல இருந்து எத்தன பேரு மாட்டியிருக்காங்கன்னு பாத்துட்டு இருக்கோம்ல. அட்ட, கடல் குதிர, நட்சத்திர ஆம, பச்சக்கிளி இதெல்லாம் நம்ம நாட்டு காட்டு உயிர், வீட்டுல வைக்கவே கூடாது. இது வெளிநாட்டு உயிர், கணக்கு வேற. ஆனாலும் எங்க பொரிச்சது, யாருட்ட வாங்குனதுங்குற பில்லும் எழுத்தும் இல்லாம வாங்காதீங்க. வெளிநாட்டு உயிர்கள்ல சைட்டிஸ்ங்குற உலக வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தோட பட்டியல்ல வர்றதுக்கு 2024-ல புது விதி வந்து மத்திய அரசோட பரிவேஷ் இணையதளத்துல பதிய சொல்லியிருக்காங்க, வாங்குற அன்னைக்குப் பட்டியல ஒரு தடவ பாத்துட்டு, வனத்துறை ஆபீஸ்லயும் ஒரு வார்த்த கேட்டுக்கங்க. ஒளிச்சு வச்சு வளக்குற பொழப்பு நமக்கு வேணாம்.

வீட்டுல பெரியவங்க விஷம்னு சொல்றாங்க, மேல விழுந்தா ஆகாதுங்குறாங்க. எப்படி சமாளிச்சீங்க?

இதுக்கும் விஷம் இல்ல, நம்ம செவத்துப் பல்லிக்கும் விஷம் இல்ல. சோத்துல பல்லி விழுந்தா வாந்தி வர்றது கிருமியாலயும் அருவருப்பாலயும்.

ஆனா இத சொல்லி எங்கம்மாவ ஜெயிக்க முடியல. மொத வருஷம் அந்த ரூமுக்குள்ளயே வராது. ராத்திரி பல்லி கிக் கிக்குன்னு சத்தம் போட்டா தரையில விரலால தட்டி உச்சு கொட்டும், வெளிநாட்டுப் பல்லி சொன்னா பலன் நம்ம தேசத்துக்கு செல்லுமா செல்லாதான்னு எங்க மதினிட்ட சந்தேகம் வேற கேட்டுச்சு. போன வருஷம் நான் தம்பியப் பாக்க துபாய்க்கு இருவது நாள் போக வேண்டி வந்துச்சு, வேற வழியில்லாம அம்மாட்டதான் விட்டுட்டுப் போனேன். தெனமும் போன்ல கலவ பதம் சொல்லிக் குடுத்தேன், "எனக்கு ஆப்ப மாவு பதம் நீ சொல்லித் தர்றியாக்கும்"னு வச்சுருச்சு.

திரும்பி வந்து பாத்தா ரெண்டும் குண்டா இருக்கு. தராசுல எட போட்டு எழுத நோட்டு வச்சுட்டுப் போயிருந்தேன், நோட்டு காலியா கெடக்கு. எங்கம்மா எழுதலன்னு கேட்டேன். செவத்துல தொங்குற தினசரி காலண்டரக் காட்டுச்சு. அதோட அட்டையில பல்லி விழும் பலன் அச்சடிச்சிருக்கும்ல, தலைக்கு என்ன, தோளுக்கு என்னன்னு, அந்தக் கட்டத்துக்குக் கீழ இருந்த வெள்ள எடத்துல பேனாவால கோணக்க மாணக்க எழுதியிருந்துச்சு: மணி 36, பணியாரம் 44, மணி 37, பணியாரம் 44, மணி 37.